கஷ்டத்தில் அல்லாஹ்வை நம்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்க்க வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பும்போது ஒருவர் மட்டும் தயங்கி நிற்பார். மரண வீட்டில் ஒருவர் ஓரமாக அழைத்துக் கேட்பார். ஆட்கள் வேறு, கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் சொந்த நிலைமைக்கு மார்க்கத் தீர்ப்பு வேண்டுமென்றால் விஷயம் தெரிந்த ஓர் ஆலிமிடம் நேரில் கேளுங்கள்.

தவக்குல், தவக்குல் என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

நம்மால் முடிந்ததைச் செய்வது, முடிவை அல்லாஹ்விடம் விடுவது, அவன் நமக்குக் கெடுதல் நினைக்கமாட்டான் என்று மனதார நம்பி இருப்பது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் தவக்குல்.

"யார் அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டுகிறாரோ அவருக்கு அவனே போதுமானவன்" என்ற வசனம் (குர்ஆன் 65:3) எல்லோருக்கும் தெரியும். அது எந்த அத்தியாயத்தில் வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது தலாக் (விவாகரத்து) அத்தியாயம். இத்தா (விவாகரத்துக்குப் பின் பெண் காத்திருக்கும் காலம்) எவ்வளவு நாள், அந்தப் பெண் எங்கே தங்குவது, யார் செலவு கொடுப்பது என்ற சட்டங்களுக்கு நடுவே இந்த வாக்குறுதி வருகிறது. ஒரு குடும்பம் உடைந்து, நாளைக்கு என்ன என்று தெரியாமல் நிற்பவர்களிடம் சொல்லப்பட்ட வார்த்தை இது.

எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான் என்றால் நான் எதற்கு அலைய வேண்டும்?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கட்டுமா, அவிழ்த்துவிட்டு வைக்கட்டுமா என்று ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். "கட்டிவிட்டு தவக்குல் வை" என்றார்கள் (திர்மிதி என்ற நபிமொழித் தொகுப்பு). பறவைகளைப் பற்றிய ஹதீஸும் (நபிமொழியும்) அப்படித்தான். அல்லாஹ்வை முறைப்படி நம்பினால் பறவைகளுக்கு உணவளிப்பதுபோல் உங்களுக்கும் அளிப்பான் என்று சொல்லிவிட்டு, அவை காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பி மாலையில் வயிறு நிறைந்து திரும்புகின்றன என்றார்கள். கூட்டிலேயே உட்கார்ந்திருந்த பறவையைப் பற்றி அந்த ஹதீஸில் பேச்சே இல்லை.

இந்தச் சந்தேகம் புதிதல்ல. யமன் நாட்டிலிருந்து சிலர் வழிச்செலவுக்கு எதுவும் எடுக்காமல் ஹஜ்ஜுக்கு வருவார்கள். "நாங்கள் தவக்குல் வைத்தவர்கள்" என்பார்கள். மக்காவுக்கு வந்ததும் மற்றவர்களிடம் கையேந்துவார்கள். அதைப் பற்றித்தான் "வழிக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற வசனம் (2:197) இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரலி) சொல்வது புகாரியில் இருக்கிறது. நாளைக்கென்று சேமிப்பதும் இதில் சேரும். நபி (ஸல்) அவர்களே தம் குடும்பத்துக்கு ஒரு வருட உணவை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

நபிமார்களுக்கு வஹீ (இறைச்செய்தி) வந்தது. அவர்களுக்கு முன்னேற்பாடு எதற்குத் தேவைப்பட்டது?

தேவைப்பட்டதோ இல்லையோ, செய்தார்கள். கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு மதீனாவுக்குப் போன ஹிஜ்ரத்தைப் பாருங்கள். கூடப் போன தோழர் அபூபக்ர் (ரலி) நான்கு மாதங்களாக இரண்டு ஒட்டகங்களுக்குத் தீனி போட்டுத் தயார் செய்து வைத்திருந்தார். மதீனா இருப்பது மக்காவுக்கு வடக்கே. இருவரும் போய் ஒளிந்ததோ தெற்கே இருக்கும் ஸவ்ர் குகையில். அபூபக்ரின் மகன் அப்துல்லாஹ் பகலில் மக்காவில் காது கொடுத்துக் கேட்டதை இரவில் வந்து சொல்வார். விடிவதற்குள் ஊர் திரும்பிவிடுவார், ராத்திரி முழுக்க ஊரிலேயே இருந்ததுபோல. ஆமிர் பின் ஃபுஹைரா ஆடுகளை அந்தப் பக்கம் ஓட்டி வந்து பால் கொடுத்தார். அபூபக்ரின் மகள் அஸ்மா (ரலி) உணவுப் பையைக் கட்ட வேறு கயிறு இல்லாமல் தன் இடுப்புக் கச்சையைக் கிழித்தார். வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர் முஸ்லிம்கூட அல்ல, பாதை தெரிந்தவர்.

இவ்வளவுக்கும் பிறகு எதிரிகள் குகை வாசலுக்கே வந்துவிட்டார்கள். "இவர்களில் ஒருவன் தன் காலடியைப் பார்த்தால்கூட நம்மைப் பார்த்துவிடுவானே" என்றார் அபூபக்ர். "எந்த இருவருடன் மூன்றாவதாக அல்லாஹ் இருக்கிறானோ, அந்த இருவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்?" என்று நபி (ஸல்) அவர்களிடமிருந்து பதில் வந்தது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. திட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் திட்டம் கைவிட்டதுபோல் தெரிந்த நொடியில் அவர்களின் மனம் ஒரு அங்குலம்கூட அசையவில்லை, ஏனென்றால் அது திட்டத்தின் மேல் நிற்கவில்லை.

அழுதால் ஈமான் (இறைநம்பிக்கை) குறைந்தவள் என்கிறார்கள். அழக்கூடாதா?

அழலாம். தம் குழந்தை இப்ராஹீம் உயிர் பிரியும்போது நபி (ஸல்) அழுதார்கள். நீங்களுமா என்று கேட்ட தோழரிடம், இது இரக்கம் என்று சொல்லிவிட்டு, "கண் அழுகிறது, உள்ளம் கவலைப்படுகிறது, நம் இறைவனுக்குப் பிடித்ததைத் தவிர வேறெதையும் சொல்லமாட்டோம்" என்றார்கள் (புகாரி). தடுக்கப்பட்டது கன்னத்தில் அறைந்துகொள்வதும் சட்டையைக் கிழித்துக்கொள்வதும் ஒப்பாரி வைப்பதும்தான்.

யஃகூப் (அலை) அவர்களின் கதையை இதற்காகவே யூசுஃப் அத்தியாயத்தில் நிதானமாகப் படித்துப் பாருங்கள். காணாமல் போன மகன் யூசுஃபை நினைத்து அழுது அழுது கண்கள் வெளுத்துப்போயின (12:84). அதே மனிதர்தான் "அழகிய பொறுமை" என்று சொன்னவர். மற்ற மகன்களை எகிப்துக்கு அனுப்பும்போது எல்லோரும் ஒரே வாசலில் நுழையாதீர்கள், வெவ்வேறு வாசல்களில் நுழையுங்கள் என்று எச்சரித்தார். அடுத்த மூச்சிலேயே அல்லாஹ்விடமிருந்து வருவதை என்னால் தடுக்க முடியாது, அவன் மீதே பொறுப்புச் சாட்டினேன் என்றார் (12:67). பல வருடம் கழித்தும், போய் யூசுஃபைத் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று அனுப்பினார் (12:87). கண்ணீர், எச்சரிக்கை, தேடல், நம்பிக்கை எல்லாம் ஒரே ஆளிடம். இவருக்கு ஈமான் குறைவு என்று யார் சொல்வார்கள்?

நம்பிக்கை இருந்தால் பயம் வரக்கூடாதே? எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

மூஸா (அலை) அவர்களின் தாயிடம் "பயப்படாதே, கவலைப்படாதே, அவரை உன்னிடமே திருப்பித் தருவோம்" என்று அல்லாஹ்வே அறிவித்திருந்தான் (28:7). அப்படியும் குழந்தையைக் கொல்ல வருபவர்களிடமிருந்து காப்பாற்ற ஆற்றில் விட்ட பிறகு அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாகிவிட்டது. உண்மையை வெளியே சொல்லிவிடும் அளவுக்குப் போனது. அல்லாஹ் அந்த உள்ளத்தை உறுதிப்படுத்தினான் (28:10). உடனே மகளை அழைத்து, பின்னாலேயே போய்ப் பார் என்றார்.

பயம் வருவது உங்கள் கையில் இல்லை. பயத்தோடு சேர்த்து என்ன செய்கிறீர்கள் என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது.

அல்லாஹ்விடம் புலம்பலாமா? அது குறை சொல்வது ஆகாதா?

அவனிடம் புலம்பலாம். "என் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன்" என்றவர் மேலே சொன்ன அதே யஃகூப் நபிதான் (12:86). அய்யூப் (அலை) "என்னைத் துன்பம் தீண்டிவிட்டது, நீயோ இரக்கம் காட்டுபவர்களில் மிக இரக்கமானவன்" என்றார் (21:83). உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள். வார்த்தை வராவிட்டால் சஜ்தாவில் (நெற்றியைத் தரையில் வைத்து) சும்மா அழுங்கள். அவனைப் பற்றி மற்றவர்களிடம் போய்க் குறை சொல்வதுதான் வேறு விஷயம்.

மருந்து சாப்பிடுவது தவக்குலுக்கு மாற்றமா? எழுபதாயிரம் பேர் ஹதீஸில் அப்படித்தானே வருகிறது?

விசாரணையில்லாமல் சொர்க்கம் போகும் எழுபதாயிரம் பேரைப் பற்றிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அவர்கள் ஓதிப்பார்க்கும்படி பிறரிடம் கேட்கமாட்டார்கள், சகுனம் பார்க்கமாட்டார்கள், சிகிச்சைக்காகச் சூடு போட்டுக்கொள்ளமாட்டார்கள், தம் இறைவன் மீதே பொறுப்புச் சாட்டுவார்கள் என்று வருகிறது. மருந்தே எடுக்கமாட்டார்கள் என்று அதில் இல்லை.

"அல்லாஹ்வின் அடியார்களே, மருத்துவம் செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எந்த நோய்க்கும் அவன் நிவாரணம் வைக்காமல் இல்லை" என்றவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தான். உபை பின் கஅப் (ரலி) நோயுற்றபோது அவரிடம் ஒரு மருத்துவரை அனுப்பினார்கள். அந்த மருத்துவர் ஒரு ரத்தக் குழாயை வெட்டி, சூடும் போட்டார் (முஸ்லிம்). ஆகவே சிகிச்சை செய்யுங்கள், சுகம் தருபவன் அல்லாஹ் என்று நம்புங்கள். மருந்து கசக்கிறது என்பதற்காகத் தவக்குலைக் காரணம் காட்டாதீர்கள். குழந்தைகளின் சிகிச்சை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவர்களுக்காக முடிவெடுக்கும் பொறுப்பு உங்களிடம் அமானிதமாக இருக்கிறது.

மனசு சரியில்லை என்பதற்குமா டாக்டர்? தொழுதால் போதாதா?

தொழுங்கள், டாக்டரிடமும் போங்கள். நிவாரணம் உண்டு என்ற ஹதீஸ் உடம்பு நோய், மன நோய் என்று பிரிக்கவில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுபவரைப் பார்த்து ஈமான் குறைவு என்று யாரும் சொல்வதில்லை. மனச்சோர்வுக்குப் போடுபவரையும் அப்படிச் சொல்லக்கூடாது.

செத்துவிடலாம் என்று தோன்றினால் அதை உள்ளேயே வைத்திருக்காதீர்கள். இன்றைக்கே நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் போங்கள். மர்யம் (அலை) பிரசவ வேதனையில் "இதற்கு முன்பே நான் இறந்திருக்கக்கூடாதா" என்றார் (19:23). குர்ஆன் அதை மறைக்கவில்லை, அவரைக் கண்டிக்கவும் இல்லை. கவலைப்படாதே என்று ஆறுதல் சொன்னது, காலடியில் நீரோடையைக் காட்டியது, பேரீச்ச மரத்தைக் குலுக்கச் சொன்னது, சாப்பிடு, குடி என்றது.

எல்லாம் எழுதியபடிதான் நடக்கும் என்றால் தப்பிக்க முயல்வது எதற்கு?

இதற்குக் கலீஃபாவாக (ஆட்சித் தலைவராக) இருந்த உமர் (ரலி) அவர்களின் பதிலைவிட நல்ல பதிலை நான் படித்ததில்லை. ஷாமுக்கு (சிரியாப் பகுதிக்கு) போகும் வழியில், ஸர்க் என்ற இடத்தில், ஷாமில் கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. முஹாஜிர்களிடமும் (மக்காவிலிருந்து குடிபெயர்ந்தவர்கள்) அன்சாரிகளிடமும் (அவர்களுக்கு உதவிய மதீனாவாசிகள்) குறைஷிப் பெரியவர்களிடமும் ஆலோசனை கேட்டார். திரும்பிவிடுவது என்று முடிவெடுத்தார். "அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள்?" என்று அபூஉபைதா (ரலி) கேட்டார். "ஆமாம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கே ஓடுகிறோம்" என்றார் உமர். ஒரு பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் பசும்புல், ஒரு பக்கம் வறண்ட நிலம். உங்கள் ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதானே என்றும் கேட்டார். பிறகு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, நோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் பரவினால் அங்கிருந்து ஓடாதீர்கள் என்ற நபிமொழியைச் சொன்னார்.

என்ன எழுதியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நீங்கள் எடுக்கும் முயற்சியும் கேட்கும் துஆவும்கூட (பிரார்த்தனையும்கூட) எழுதியதில் சேர்ந்திருக்கலாமே.

வருஷக்கணக்கில் துஆ கேட்கிறேன். பதிலே இல்லை. என் துஆ கேட்கப்படவில்லையா?

கேட்கப்படுகிறது. பாவமான காரியத்தையோ உறவை முறிப்பதையோ கேட்காத ஒரு துஆவுக்கு மூன்றில் ஒன்று உண்டு: கேட்டது கிடைக்கும், அல்லது மறுமைக்குச் சேர்த்து வைக்கப்படும், அல்லது அதற்கு ஈடான ஒரு தீங்கு விலக்கப்படும். இதைக் கேட்ட தோழர்கள் "அப்படியானால் நிறையக் கேட்போமே" என்றார்கள். "அல்லாஹ் அதைவிட நிறையத் தருபவன்" என்றார்கள் நபி (ஸல்) (அஹ்மத்).

கேட்டேன், கிடைக்கவில்லை என்று அவசரப்பட்டு விட்டுவிடாதவரை துஆ ஏற்கப்படும் என்றும் ஹதீஸ் இருக்கிறது. இதை ஏற்பது சுலபமில்லை, குறிப்பாகக் குழந்தைக்காகவும் நோய் தீரவும் கேட்பவர்களுக்கு. எந்தத் தீங்கு விலகியது என்று நம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் அவனை நல்லவிதமாக நினைப்பதற்குத்தான் இந்த நம்பிக்கையே.

இந்தக் கஷ்டம் நான் செய்த பாவத்துக்குத் தண்டனையா?

உங்களுக்கும் தெரியாது, உங்களைப் பார்த்து அப்படிச் சொன்னவருக்கும் தெரியாது. "உங்களுக்கு வரும் துன்பம் உங்கள் கைகள் செய்தவற்றால்தான், அவன் நிறைய மன்னித்தும் விடுகிறான்" என்று ஒரு வசனம் உண்டு (42:30). மக்களில் அதிகம் சோதிக்கப்படுபவர்கள் நபிமார்கள் என்று ஹதீஸும் உண்டு. இரண்டும் உண்மை. தன்னைப் பற்றி யோசிக்கும்போது முதலாவதை வைத்து இஸ்திஃபார் செய்யலாம் (பாவமன்னிப்புக் கேட்கலாம்). பிறரைப் பார்க்கும்போது அந்த வசனத்தைக் கையில் எடுக்காதீர்கள். காலில் முள் குத்தினால்கூட அதனால் முஸ்லிமின் பாவம் அழிகிறது என்றார்கள் நபி (ஸல்). வலியே சுத்தம் செய்துகொண்டிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

'தாங்க முடியாததை அல்லாஹ் கொடுக்கமாட்டான்' என்கிறார்கள். என்னால் நிஜமாகவே தாங்க முடியவில்லையே?

அவர்கள் சொல்வது 2:286. அந்த வசனத்தைக் கடைசிவரை ஓதுங்கள். எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் சிரமப்படுத்துவதில்லை என்று தொடங்கி, "எங்கள் இறைவா, எங்களுக்குச் சக்தியில்லாததை எங்கள் மேல் சுமத்தாதே" என்று கேட்கவும் சொல்லிக்கொடுக்கிறது. முடியவில்லை என்று சொல்வதற்கு அல்லாஹ்வே இடம் வைத்திருக்கிறான். அதோடு, உங்கள் சக்தி என்பது நீங்கள் ஒருவர் மட்டுமல்ல. மூஸா (அலை) "என் சகோதரர் ஹாரூனைக் கொண்டு என் முதுகை உறுதியாக்கு" என்று கேட்டார். உதவி கேளுங்கள்.

கணவர் அடிக்கிறார். பொறுத்துப்போ, அல்லாஹ்விடம் விட்டுவிடு என்கிறார்கள் வீட்டில். அதுதான் தவக்குலா?

இல்லை. நோயும் மரணமும் வருவது ஒரு வகை. ஒரு மனிதன் இன்னொருவருக்குச் செய்யும் அநியாயம் வேறு வகை. அதைத் தடுப்பது கடமை. கணவர் அடிக்கிறார் என்று பெண்கள் பலர் நபியின் வீட்டுக்கு வந்து முறையிட்டபோது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் திருப்பி அனுப்பவில்லை. அந்த ஆண்களைப் பற்றி "அவர்கள் உங்களில் நல்லவர்கள் அல்லர்" என்றார்கள் (அபூதாவூத்).

கவ்லா (ரலி) தன் கணவர் செய்ததைப் பற்றி நபியிடமே வாதாடினார். "தன் கணவர் விஷயத்தில் உம்மிடம் தர்க்கித்து, அல்லாஹ்விடமும் முறையிட்ட அந்தப் பெண்ணின் சொல்லை அல்லாஹ் கேட்டுவிட்டான்" என்று ஓர் அத்தியாயமே தொடங்குகிறது (58:1). வாதாடியதும் முறையிட்டதும் ஒரே பெண்தான். ஆகவே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், குடும்பத்துப் பெரியவர்களிடமும் ஜமாஅத்திடமும் சொல்லுங்கள், சட்டத்தின் உதவியை நாடுங்கள். இவை எல்லாமே ஒட்டகத்தைக் கட்டுவதுதான். அடிபட்டுக்கொண்டே இரு என்று சொல்ல மார்க்கத்தை எடுப்பவர்கள் அல்லாஹ்வுக்குப் பயந்துகொள்ளட்டும்.

'அன்றைக்கே டாக்டரிடம் போயிருந்தால்' என்று நினைத்து நினைத்துச் சாகிறேன்.

உனக்குப் பயன் தருவதில் முயற்சி செய், அல்லாஹ்விடம் உதவி தேடு, சோர்ந்துவிடாதே; ஏதாவது நேர்ந்துவிட்டால் "இப்படிச் செய்திருந்தால்" என்று சொல்லாதே, "அல்லாஹ்வின் ஏற்பாடு, அவன் நாடியதைச் செய்தான்" என்று சொல், அந்த "இருந்தால்" ஷைத்தானுக்குக் கதவைத் திறந்துவிடும் என்கிறது ஒரு ஹதீஸ் (முஸ்லிம்). வரிசையைக் கவனியுங்கள். முயற்சி முன்னால், விதியைச் சொல்வது பின்னால். காரியம் நடக்கும் முன்பே விதி என்று உட்காரவும் கூடாது, நடந்து முடிந்த பின் தன்னையே குத்திக்கொண்டிருக்கவும் கூடாது.

தினமும் ஓத ஏதாவது சொல்லுங்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது "பிஸ்மில்லாஹி தவக்கல்து அலல்லாஹி, லா ஹவ்ல வலா குவ்வத இல்லா பில்லாஹ்" (அல்லாஹ்வின் பெயரால், அவன் மீதே பொறுப்புச் சாட்டினேன், அவனன்றி எந்த ஆற்றலும் சக்தியும் இல்லை). நெருக்கடியில் "ஹஸ்புனல்லாஹு வநிஃமல் வகீல்" (எங்களுக்கு அல்லாஹ் போதுமானவன், அவனே சிறந்த பொறுப்பாளன்). நெருப்பில் எறியப்பட்டபோது இப்ராஹீம் (அலை) சொன்னது இது. இரவில் உளூ (தொழுகைக்குச் செய்யும் கைகால் கழுவல்) செய்து வலப்பக்கம் சாய்ந்து படுத்து, "இறைவா, என்னை உன்னிடம் ஒப்படைத்தேன், என் காரியத்தை உன்னிடம் விட்டேன்" என்று தொடங்கும் துஆ. அரபு மூலத்தைத் தெரிந்தவரிடம் சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

இப்ராஹீம் நபிக்கு நெருப்பு குளிர்ந்தது. எனக்கு நெருப்பு குளிராவிட்டால்?

எல்லாக் கேள்விகளிலும் கடினமானது இதுதான். அல்லாஹ்வை நம்பியவர்களை எறிந்த இரண்டு நெருப்புகள் குர்ஆனில் வருகின்றன. ஒன்று இப்ராஹீம் (அலை) எறியப்பட்டது; "நெருப்பே, குளிர்ச்சியாகவும் பாதுகாப்பாகவும் ஆகிவிடு" என்று கட்டளை வந்தது (21:69). இன்னொன்று புரூஜ் அத்தியாயத்தில் வரும் அகழி நெருப்பு. அல்லாஹ்வை நம்பினார்கள் என்ற ஒரே காரணத்துக்காக மக்களை அதில் போட்டார்கள். அந்த நெருப்பு குளிர்ந்ததாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் அந்த அத்தியாயம் ஈமான் கொண்டு நற்செயல் செய்தவர்களுக்கான சொர்க்கத்தைச் சொல்லி, "அதுவே மகத்தான வெற்றி" என்கிறது (85:11).

இரண்டு தரப்பும் ஒரே இறைவனைத்தான் நம்பியது. யாருடைய நம்பிக்கையும் வீணாகவில்லை. கேட்டது இங்கேயே கிடைக்கும் என்று யாராவது உங்களுக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தால், அது அவர்களாகச் சொன்னது. அல்லாஹ் கொடுத்த வாக்கு "அவனே போதுமானவன்" என்பது, அதன் கணக்கு இந்த உலகத்தோடு முடிவதில்லை.

துக்கத்தில் இருப்பவரிடம் 'தவக்குல் வை, பொறுமையாக இரு' என்று சொல்லலாமா?

சொல்லலாம், நேரம் பார்த்து. கப்ருக்கு (சமாதிக்கு) பக்கத்தில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் நபி (ஸல்) அல்லாஹ்வைப் பயந்து பொறுமையாக இருக்கச் சொன்னார்கள். யார் என்று தெரியாமல் "என்னை விட்டுப் போங்கள், எனக்கு வந்தது உங்களுக்கு வரவில்லை" என்றாள் அவள். அவர்கள் வாதம் செய்யவில்லை, போய்விட்டார்கள். பிறகு அவளே தேடி வந்தபோதுதான், பொறுமை என்பது துன்பத்தின் முதல் அதிர்ச்சியில் இருப்பது என்று சொன்னார்கள்.

ஜஅஃபர் (ரலி) போரில் ஷஹீதான (உயிர்த்தியாகம் செய்த) செய்தி வந்தபோது, "ஜஅஃபரின் குடும்பத்துக்குச் சாப்பாடு செய்யுங்கள், அவர்கள் வேறெதையும் கவனிக்க முடியாத நிலைமை வந்திருக்கிறது" என்றார்கள். நீங்களும் முதலில் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், மருந்து வாங்கிக் கொடுங்கள். தவக்குலைப் பற்றி அவர்களாகக் கேட்டால் அப்புறம் பேசலாம்.